கருநீலத்தில் தெரிந்த குறுக்குக் கோடு: ஒரு ரேப்பியர் தறிக்கூடத்தின் நிகழ்வு ஆய்வு

கூடமும் ரகமும்

பல்லடம் வட்டாரத்தில், கோவை–திருச்சி சாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிற விசைத்தறிக் கூடம் அது. பெரியவர் காலத்தில் நாடா (குறுக்கு நூலைச் சுமந்து பறக்கும் கட்டை) ஓடும் சாதா தறி 16 இருந்தது. மகன் பொறுப்புக்கு வந்ததும் அவற்றைக் கழித்துவிட்டு, ஐரோப்பாவில் ஓடி இறங்கிய பழைய ரேப்பியர் தறிகள் (நாடாவுக்குப் பதில் பிடிகள் நூலைக் கொண்டுபோகிறவை) எட்டை வங்கிக் கடனில் வாங்கிப் போட்டார். நெசவு கூலிக்குத்தான். ஜவுளி உற்பத்தியாளர் கஞ்சி போட்ட பாவு (நீளவாக்கு நூல்) சுற்றிய உருளையான பீமும் ஊடை (குறுக்கு) நூலும் அனுப்புவார். கூடம் அதை நெய்து காடா (வெளுக்காத, சாயமேற்றாத) துணியாகத் திருப்பிக் கொடுத்து, மீட்டர் கணக்கில் கூலி வாங்கும்.

இந்த ஏற்பாட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நூல் எந்த மில்லில் வாங்குவது, பாவு எங்கே ஓட்டுவது, எவ்வளவு கஞ்சி போடுவது எல்லாம் உற்பத்தியாளரும், பாவுக்குக் கஞ்சி போடுகிற சைசிங் மில்லும் பேசி முடிப்பவை. தறி ஓட்டுகிறவருக்கு அதில் பேச்சே கிடையாது. ஆனால் துணியில் குறை வந்தால் முதலில் கை நீளுவது தறி ஓட்டுகிறவரை நோக்கித்தான். பின்னால் வந்த தகராறு பாதிக்கு மேல் இங்கிருந்து கிளம்பியது.

ரகம் 40ஸ் பாப்ளின். பாவும் ஊடையும் 40ஸ், அங்குலத்துக்குப் பாவு 132 இழை, ஊடை 72 இழை, அகலம் 63 அங்குலம். சட்டைத் துணிக்கும் உள்பாவாடைக்கும் போகிற, பார்க்கச் சாதாரணமான துணி. நெய்கிறவருக்கு அது அவ்வளவு சாதாரணமில்லை. 63 அங்குலத்துக்குள் எட்டாயிரத்து முந்நூற்றுச் சொச்சம் பாவு இழை நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும். ஒரு பவுண்டில் 840 கெஜ நீளமுள்ள நூல் கட்டு (கண்டி) 40 இருந்தால் அது 40ஸ் நூல். அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான நூலை நீட்டினால் 30 கிலோமீட்டர் போகும். அத்தனை மெல்லிசு.

நூல் துணியாகிற வழி

தறிக்காரர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். ஆனால் கோடு எங்கே பிறந்தது என்று புரிய இது வேண்டும்.

மில்லிலிருந்து வரும் கோன்களை (நூல் சுற்றிய கூம்புகளை) சட்டத்தில் மாட்டி, ஒரு பீமுக்கு 594 இழை வீதம் 14 பீம் பாவு ஓட்டுவார்கள். அந்த 14 பீமும் சைசிங் மெஷினில் ஒன்றாகச் சேர்ந்து, கொதிக்கிற கஞ்சித் தொட்டியில் முங்கி, உருளைகளுக்கு நடுவே பிழியப்பட்டு, சூடான சிலிண்டர்கள் மேல் காய்ந்து, 8316 இழையாகத் தறி பீமில் சுற்றும். கஞ்சி இரண்டு வேலை செய்கிறது. நூலின் உள்ளே கொஞ்சம் இறங்கிப் பலம் கொடுக்கிறது. மேலே படிந்து, துருத்திக்கொண்டிருக்கும் பிசிறை அமுக்கி வைக்கிறது. பாப்ளினுக்கு இரண்டாவதுதான் உயிர். 132 இழை நெருக்கத்தில் பக்கத்துப் பக்கத்து இழைகளின் பிசிறுகள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டால் பாவு சுத்தமாகப் பிரியாது.

தறியில் நடப்பது மூன்று அசைவு. பாவு இழைகள் நுழைகிற கண்கள் கொண்ட விழுதுச் சட்டங்கள் ஏறி இறங்கிப் பாவை இரண்டாகப் பிரிக்கின்றன. பிரிந்த இடைவெளியில் ஊடை நூல் போகிறது. சீப்பு போன்ற அச்சு முன்னால் வந்து அந்த ஊடையைத் துணியோடு சேர்த்து அடிக்கிறது. எட்மண்ட் கார்ட்ரைட் 1785ல் காப்புரிமை வாங்கிய விசைத்தறி முதல், ஊடையைக் காற்றால் செலுத்தும் இன்றைய ஏர்ஜெட் வரை இந்த மூன்றும் மாறவில்லை. ஊடையைக் கொண்டுபோகிற முறைதான் மாறியது. சாதா தறியில் ஊடை நூல் சுற்றிய தார்க்குச்சியைச் சுமந்துகொண்டு நாடா பறக்கும். ரேப்பியரில் ஒரு பக்கத்துப் பிடி நூலை நடுவழி வரை கொண்டுவந்து கொடுக்க, எதிர்ப்பக்கத்துப் பிடி வாங்கிக்கொண்டு போகும். இவற்றோடு, பின்னால் பீம் பாவை விட்டுக்கொடுக்க வேண்டும், முன்னால் உருளை துணியை இழுத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் ஒத்துப் போனால்தான் 72 இழை 72 ஆகவே இருக்கும்.

ஒரு பாவு இழை பீமை விட்டுப் புறப்பட்டுத் துணியாவதற்குச் சுமார் ஒன்றரை மீட்டர் வரவேண்டும். 72 ஊடை ரகத்தில் அந்தத் தூரத்தைக் கடப்பதற்குள் அது நாலாயிரம் முறை அளவில் இழுபட்டுத் தளர்கிறது. போகும் வழியில் டிராப் பின் (இழை அறுந்தால் விழுந்து தறியை நிறுத்தும் தகடு), விழுதுக் கண், அச்சு என்று எல்லாவற்றிலும் உரசுகிறது. சாதா தறி நிமிடத்துக்கு 150 முறை அடித்தால் இந்தக் கூடத்து ரேப்பியர் 320 அடிக்கிறது. அதே உரசல், பாதி நேரத்தில்.

புகார்

புதிதாக வாங்கிப் போட்ட தறிகளில் நெய்த முதல் செட் துணி, காடாவாகப் போகும்போது யாரும் குறை சொல்லவில்லை. உற்பத்தியாளர் அதைச் சாயத்துக்கு அனுப்பினார். வெளிர் நிறத்தில் போனவை தப்பித்தன. கருநீலத்தில் போன 6,200 மீட்டர் திரும்பி வந்தது. துணியின் குறுக்கே, கரையிலிருந்து கரை வரை, பென்சிலால் ஸ்கேல் வைத்து இழுத்தது போல மெல்லிய கோடுகள். சில இடத்தில் வெளிறி, சில இடத்தில் அடர்ந்து.

கூலியில் பிடித்தம் என்று உற்பத்தியாளர் சொன்னார். பாவில் கஞ்சி சரியில்லை என்றார் கூடத்துக்காரர். நூலில் பலம் இல்லாவிட்டால் நாங்கள் என்ன செய்வது என்றார்கள் சைசிங் மில்லில். மூன்று பேரும் ஒருவர் மேல் ஒருவர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான் இருபக்கமும் தெரிந்தவன் என்ற முறையில் என்னைக் கூப்பிட்டார்கள். அடுத்த செட் பீம்கள் அதற்குள் தறி ஏறி ஓடிக்கொண்டிருந்தன. பங்குனி மாதம், வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

செக்கிங் டேபிளில் பார்த்தது

குறுக்குக் கோட்டுக்குக் காரணம் இரண்டு விதமாக இருக்கலாம். ஊடை நூலில் வேறு லாட் கோன் கலந்திருந்தால் கோடு பட்டையாக வரும், ஒரு கோன் தீர்கிற வரை அகலமாக நீளும். தறி நின்று திரும்ப ஓடியதால் வந்தால் ஒற்றைக் கோடாக, ஐந்தாறு ஊடைக்குள் முடிந்துவிடும். பேச்சில் இரண்டையும் ‘பார்’ (bar, குறுக்குப் பட்டை) என்றே சொல்லிவிடுவதால் சண்டை வீணாக நீள்கிறது.

வெளிச்ச டேபிளில் துணியை விரித்து, கோட்டின் மேல் கவுண்டிங் கிளாஸை (இழை எண்ணும் பூதக்கண்ணாடி) வைத்து ஊசி முனையால் ஊடையை எண்ணினோம். கோட்டுக்கு முன்னால் 72. கோடு இருந்த இடத்தில் மூன்று, நாலு ஊடை மட்டும் விலகி நின்றது, நடுவே வெளிச்சம் கசிந்தது. அதைத் தாண்டியதும் மறுபடி 72. அடர்ந்த கோட்டில் இதற்கு நேர்மாறாக மூன்று நாலு ஊடை ஒன்றன்மேல் ஒன்றாக நெருங்கிக் கிடந்தது. கோட்டு இடத்து ஊடையையும் பக்கத்து ஊடையையும் உருவி எடுத்து ஒரே நீளத்துக்கு வெட்டி நிறுத்ததில் எடையில் வித்தியாசம் இல்லை. நூல் கலப்பு இல்லை என்பது அத்தோடு முடிந்தது. இது ஸ்டார்ட்டிங் மார்க், அதாவது தறி நின்று திரும்ப ஓடியதால் விழும் கோடு.

அது விழும் விதம் இதுதான். தறி நிற்கும்போது பாவு இழுத்த நிலையிலேயே நிற்கிறது. நேரம் ஆக ஆக, துணிப் பக்கமும் பாவுப் பக்கமும் வெவ்வேறு அளவில் தளர்ந்து, துணி முடிந்து பாவு தொடங்கும் விளிம்பு ஒரு மயிரிழை நகர்ந்துவிடும். திரும்ப ஓட்டும்போது மோட்டார் முழு வேகம் பிடிப்பதற்குள் முதல் அடி விழும், அதில் பலம் குறைவு. விளிம்பு முன்னால் போயிருந்தால் ஊடை விலகும், பின்னால் வந்திருந்தால் நெருங்கும். காடா துணியில் கஞ்சி பூசி மறைத்துக்கொண்டிருக்கும். கஞ்சி நீக்கி, வெளுத்து, கருநீலம் ஏற்றியதும் எல்லாம் வெளியே வந்துவிடும். காடா நிலையில் யார் கண்ணிலும் படாததற்குக் காரணம் இதுவே.

எனவே கேள்வியை மாற்றிக்கொண்டோம். கோடு ஏன் விழுகிறது என்பதை விட்டுவிட்டு, தறி ஏன் இத்தனை முறை நிற்கிறது, நின்றால் ஏன் இவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்க்கத் தொடங்கினோம். கூடத்தில் மீட்டர் கணக்கு நோட்டு இருந்தது. தறி நின்ற கணக்கு யாரிடமும் இல்லை. இது அந்தக் கூடத்துக்கு மட்டுமான குறையில்லை. கூலி மீட்டருக்கு என்பதால் யாரும் நின்றதை எழுதுவதில்லை.

நின்ற கணக்கு

ஒரு தறியாள் பார்க்கிற 5, 6, 7, 8ஆம் தறிகளை எடுத்துக்கொண்டோம். காலை 8 முதல் மாலை 4 வரை ஒவ்வொரு முறை தறி நின்றபோதும் எதனால், எவ்வளவு நேரம், இழை எங்கே அறுந்தது என்று எழுதினோம். திரும்ப ஓட்டுவதற்கு முன் அந்த இடத்தில் கரையோரம் கலர் நூல் ஒன்றைச் செருகிவைத்தோம். எவ்வளவு நேரம் நின்றது என்பதற்கு ஏற்ப மூன்று நிறம். துணி டேபிளுக்கு வந்ததும் எந்த நிறுத்தம் கோடாக மாறியது என்று நேரடியாகப் பார்த்துவிடலாம்.

நாலு தறியும் சேர்ந்து 88 முறை நின்றன. பாவு அறுந்து 56, ஊடை அறுந்து 20, மற்றவை 12. தறிகள் ஓடவேண்டிய நேரத்தில் 70 சதவீதம் அளவுக்கே ஓடின. ஒரு தறிக்கு 38 மீட்டர் வந்தது.

கலர் நூல் சொன்னது தெளிவாக இருந்தது. இரண்டு நிமிடத்துக்குள் எடுத்துவிட்ட நிறுத்தம் 31, அதில் கோடு விழுந்தது 4. இரண்டு முதல் ஐந்து நிமிடம் நின்றது 29, கோடு 12. ஐந்து நிமிடத்துக்கு மேல் நின்றது 28, கோடு 25. ஆக 41. துணிக் குறைகளுக்குப் புள்ளி போட்டு எண்ணும் நாலு புள்ளி முறையில் கரைக்குக் கரை ஓடும் கோட்டுக்கு 4 புள்ளி. நூறு சதுர கெஜத்துக்கு 40 புள்ளி வரை ஏற்பது வழக்கம் என்றால், இங்கே கோடுகள் மட்டுமே 55 புள்ளி அளவுக்கு வந்துவிட்டன.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. இரண்டு நிமிடத்துக்குள் எடுத்தும் கோடு விழுந்த நாலும் ஆறாம் தறியில் விழுந்தவை. அதில் மட்டும் 22 நிறுத்தத்துக்கு 17 கோடு.

பாவு அறுந்த 56ல் 37 விழுதுக்கும் அச்சுக்கும் இடையில். அறுந்த இழையின் நுனியில் பஞ்சுப் பிசிறு உருண்டையாகத் திரண்டு பக்கத்து இழைகளைச் சேர்த்துப் பிடித்திருந்தது. 13 இடது கரையோரம், ஒரு சாண் அகலத்துக்குள். மீதி 6 டிராப் பின்னுக்குப் பின்னால்.

நேரக் கணக்கை எடுக்கச் சொன்னது அந்தத் தறிகளை ஓட்டுகிற அக்கா. நாங்கள் காலையிலேயே முடித்துவிட்டுப் போகிற எண்ணத்தில் இருந்தோம். “காலைல பாத்தா ஒண்ணும் தெரியாதுங்க. ரெண்டு மணிக்கு மேல நின்னு பாருங்க, நூலு கண்ணாடி மாதிரி ஒடியும்” என்றார். கூடத்துக்காரர், “ஏனுங்க்கா, இத்தனை நாளா சொல்லவே இல்லையே” என்றதற்கு, “கேட்டாத்தானே தம்பி சொல்றது” என்று சொல்லிவிட்டு அறுந்த இழையைப் பிணைக்கப் போய்விட்டார். கணக்கும் அதையே சொன்னது. 12 மணிக்கு முன் பாவு அறுந்தது 21, பின் 35. கூடத்தில் ஈரப்பதம் காலை 8 மணிக்கு 68 சதவீதம், பிற்பகல் இரண்டரைக்கு 49. பருத்தி நெசவுக்கு 75, 80 இருக்க வேண்டும். மேற்கூரை சிமெண்ட் ஷீட், மேற்குப் பக்க ஜன்னல் முழுக்கத் திறந்திருந்தது.

கஞ்சி எங்கே குறைந்தது

தறி பீமிலிருந்து கஞ்சி போட்ட நூலை எடுத்து விசைத்தறி சேவை மையத்தில் சோதனைக்குக் கொடுத்தோம். நூலை உலர்த்தி நிறுத்து, கஞ்சியைக் கரைத்து அலசி, மறுபடி உலர்த்தி நிறுத்துப் பார்க்கிற எளிய சோதனைதான். கஞ்சி 9.2 சதவீதம் என்று வந்தது. ரேப்பியரில் இந்த நெருக்கத்துக்கு 12, 13 வேண்டும்.

சைசிங் மேஸ்திரியிடம் பீம் சீட்டைக் கேட்டோம். எடுத்துக் காட்டினார். ‘40ஸ் பாப்ளின், 8316 இழை, இத்தனை மீட்டர்’ என்று இருந்தது. என்ன தறி, என்ன வேகம் என்று ஒரு வார்த்தை இல்லை. பெரியவர் காலத்திலிருந்து இந்தக் கூடத்துக்குப் போகிற பீம் எல்லாமே சாதா தறிக்கானவை, அதே கணக்கில் போட்டுக் கொடுத்திருக்கிறார். தறி மாறியது அவருக்குத் தெரியாது. உற்பத்தியாளர் சொல்லவில்லை, கூடத்துக்காரர் அதைச் சொல்வது தன் வேலை என்று நினைக்கவில்லை. நூலில் குறையா என்றும் பார்த்தோம். கோனிலிருந்து எடுத்த நூலின் பலம் சோதனையில் சரியாகவே இருந்தது. ஆக மூன்று பேர் சொன்னதிலும் நூல் மேல் போட்ட பழிக்கு ஆதாரமில்லை.

கரையோர 13க்குக் காரணம் வேறு. பீமின் இடது தட்டு, பாவின் அகலத்தைவிடச் சற்று அகலமாக வைக்கப்பட்டிருந்தது. அதனால் ஓரத்து இழைகள் தட்டுக்கும் பாவுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில் சரிந்து, தளர்வாகவே வந்தன.

எடுத்த முடிவுகள்

முதலில், ஏற்கெனவே தறியில் ஏறியிருந்த குறைக் கஞ்சிப் பாவை என்ன செய்வது என்ற கேள்வி. திருப்பி அனுப்புவது நடக்காத காரியம், கஞ்சி போட்ட பாவை மறுபடி தொட்டியில் விட யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அப்படியே ஓட்டினால் இன்னொரு கருநீலத் தகராறு. அதனால் புல்லி மாற்றி வேகத்தை 320லிருந்து 260க்கு இறக்கச் சொன்னேன். கூடத்துக்காரருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. வேகத்துக்காகத்தானே கடன் வாங்கித் தறி மாற்றினேன் என்றார். நியாயமான பேச்சு. கணக்குப் போட்டுக் காட்டிய பிறகு ஒரு பீம் மட்டும் ஓட்டிப் பார்க்கச் சம்மதித்தார். நிறுத்தம் குறைந்து தறி 78 சதவீத நேரம் ஓடியது. எட்டு மணி நேரத்துக்கு 34 மீட்டர் வந்தது. முன்னால் வந்தது 38. வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கு போயும் துணியில் பத்தில் ஒரு பங்குதான் குறைந்தது. மிச்ச பீம்களையும் 260லேயே ஓட்டி முடித்தார். அந்தத் துணியை வெளிர் நிறத்துக்கு மட்டும் அனுப்புவது என்று உற்பத்தியாளரோடு பேசி முடித்தோம்.

அடுத்த செட்டுக்குச் சீட்டில் தறி வகை, வேகம், கஞ்சி 12.5 சதவீதம், காய்ந்து வரும்போது நூலில் ஈரம் 7 முதல் 8, பீம் தட்டு அகலம் எல்லாம் எழுதினோம். கஞ்சியை இன்னும் ஏற்றலாமே என்று உற்பத்தியாளர் கேட்டார். சைசிங் மேஸ்திரி மறுத்தார், அவர் சொன்னது சரி. கஞ்சி அளவுக்கு மிஞ்சினால் நூல் விறைத்து, தறியில் மாவாக உதிர்ந்து, விழுதுக் கண்ணை அடைக்கும். சாயப் பட்டறையில் கஞ்சி நீக்குகிற செலவும் கூடும். ஸ்டார்ச்சோடு கொஞ்சம் பி.வி.ஏ. (செயற்கைப் பசை) சேர்த்து, பிழிகிற அழுத்தத்தைச் சரி செய்து பிசிறை அமுக்குவது என்று அவரே வழி சொன்னார். கிலோவுக்குச் சில ரூபாய் கூடுதல். அதை யார் கொடுப்பது என்பதில் பேச்சு இரண்டு முறை முறிந்தது. கடைசியில் கூடுதல் சைசிங் செலவு உற்பத்தியாளருடையது, ஸ்டார்ட்டிங் மார்க் புள்ளிக் கணக்கு தாண்டினால் பிடித்தம் கூடத்துக்காரருடையது என்று முடிவானது. முன்பு எதற்கு யார் பொறுப்பு என்பதே இல்லை. இப்போது இரண்டுக்கும் எல்லை வந்தது.

கூடத்துக்குள் செய்தவை செலவில்லாதவை, ஆனால் பழக்கத்தை மாற்றுபவை. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்கும் என்று தெரிந்தால் விழுதுச் சட்டங்களைச் சமமாக, பாவு பிரியாத நிலையில் நிறுத்தி, பாவின் இழுவையைத் தளர்த்திவிட வேண்டும். ஓட்டுமுன் கைச்சக்கரத்தால் விளிம்பைப் பார்த்து நேர் செய்ய வேண்டும். டீக்கும் சாப்பாட்டுக்கும் இரண்டு தறியாள்களும் ஒரே நேரத்தில் போகாமல் மாற்றி மாற்றிப் போவது என்று அந்த அக்காவே சொன்னார். முன்பெல்லாம் அந்த அரை மணியில் அறுந்தது எதுவும் அவர்கள் திரும்பி வரும் வரை அப்படியே நிற்கும்.

ஈரப்பதத்துக்குப் பெரிய அமைப்பு வைக்கிற அளவுக்குக் கையில் காசு இல்லை. மேற்கு ஜன்னல்களை அடைத்து, தண்ணீரைப் பனியாகத் தூவும் ஹியூமிடிஃபயர் இரண்டை வாங்கி, ஈர, உலர் வெப்பமானி ஒன்றைச் சுவரில் மாட்டினார்கள். தூவலை நேராகத் தறி மேல் வைக்க வேண்டாம் என்று தடுத்தேன். அச்சும் விழுதும் துருப்பிடித்தால் பாப்ளினில் அந்தக் கறை கோட்டைவிட மோசம். விசைத்தறிக்கு இரண்டு மாதத்துக்கு 1000 யூனிட் இலவசம் என்ற சலுகை 2023ல் வந்தது என்றாலும், எட்டு ரேப்பியர் ஓடுகிற கூடத்துக்கு அது முதல் சில நாட்களிலேயே கரைந்துவிடும். அதனால் ஹியூமிடிஃபயரைக் காலையில் நிறுத்திவைத்துப் பதினொன்றுக்கு மேல் ஓட்டினார்கள்.

அதற்குப் பின்

திரும்பி வந்த கருநீலத்தில் 1,900 மீட்டர் செகண்ட்ஸாக (இரண்டாம் தரமாக) குறைந்த விலைக்குப் போனது. மீதியை வெட்டி, கோடு விழாத துண்டுகளாகக் கொடுத்தார்கள். நட்டத்தை உற்பத்தியாளரும் கூடத்துக்காரரும் பாதிப் பாதி ஏற்றார்கள். சைசிங் மில் எதுவும் தரவில்லை. சீட்டில் எழுதாததற்கு மில்லைக் கேட்பதில் அர்த்தமும் இல்லை.

புதுக் கஞ்சிப் பாவு வந்ததும் வேகத்தை 320க்கு ஏற்றி, முன்போலவே எட்டு மணி நேரம் கணக்கெடுத்தோம். இம்முறை ஆறாம் தறியைச் சேர்க்கவில்லை. ஒரு தறிக்குச் சராசரியாகப் பாவு அறுந்தது 5, ஊடை 4, மற்றவை 2. முன்பு மொத்தம் 22, இப்போது 11. தறி 85 சதவீதம் ஓடி, 46 மீட்டர் வந்தது. கோடு தறிக்கு 3. புள்ளி 14 அளவில். அதிலிருந்து ஐந்து மீட்டர் துண்டை முதலில் கருநீலத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மொத்தத்தையும் சாயத்துக்கு அனுப்பினார்கள். அனுப்பியதில் திரும்பியது எதுவுமில்லை.

ஆறாம் தறி தனிக் கதை. ஃபிட்டர் பிரித்துப் பார்த்ததில் பிரேக் லைனிங் தேய்ந்திருந்தது, பாவு விடுகிற பக்கத்துக் கிளட்ச் வழுக்கியது. தறி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் சற்றுத் தாண்டிப் போய், ஓடும்போது பாவைக் கூடுதலாக விட்டுக்கொண்டிருந்தது. அந்த மாடலுக்குப் புது உதிரி கிடைக்கவில்லை. கழித்த தறி ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டும் பாதிதான் சரியானது. பாப்ளினை விட்டு, தடித்த நூலில் பெட்ஷீட் துணிக்கு அதை மாற்றினார்கள். அந்த ரகத்தில் மயிரிழை நகர்வு கண்ணுக்குத் தெரியாது.

தீராதவை இரண்டு. ஆடிக் காற்று தொடங்கியதும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக அடிக்கிற காற்று கூரை இடுக்கிலெல்லாம் புகுந்து ஈரப்பதத்தை இறக்கியது, பாவு அறுவது தறிக்கு 8 வரை ஏறியது. இரண்டாவது கரண்ட். மின்சாரம் போனால் எட்டுத் தறியும் சொல்லாமல் நிற்கும். அவை நிற்கிற நிலையை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. திரும்ப வந்ததும் இரண்டு பேர் எட்டையும் ஓட்ட வேண்டும். கடைசித் தறி ஓடும்போது பதினைந்து நிமிடம் ஆகியிருக்கும். அந்த இடங்களில் கரையோரம் சிவப்பு நூல் செருகிவிடுகிறார்கள். டேபிளில் அங்கே பார்த்து, கோடு இருந்தால் பீஸை அங்கேயே வெட்டுகிறார்கள்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

இதே வேலையை மறுபடி செய்வதானால் சிலவற்றை முன்னதாகவே செய்வேன். தறி மாற்றுகிற அன்றைக்கே சைசிங் மில்லுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட வேண்டும். உற்பத்தியாளர் சொல்லுவார் என்று காத்திருப்பதில் பயனில்லை. முதல் பீமிலேயே ஒரு பகல் முழுக்க நின்ற கணக்கு எடுக்க வேண்டும், அதுவும் பிற்பகலைச் சேர்த்து. அடர் நிறத்துக்குப் போகிற துணியென்றால் ஒரு துண்டைச் சாயம் போட்டுப் பார்க்காமல் ஐந்தாயிரம், ஆறாயிரம் மீட்டர் நெய்யக் கூடாது. பழைய தறி வாங்குகிறவர்கள் ஓட்டிப் பார்த்து வாங்குகிறார்கள். ஓட விட்டு, நிறுத்தி, கால் மணி கழித்து மறுபடி ஓட்டி, அந்த இடத்துத் துணியையும் கவுண்டிங் கிளாஸில் பார்த்து வாங்க வேண்டும். அப்படிப் பார்த்திருந்தால் ஆறாம் தறி இந்தக் கூடத்துக்கு வந்திருக்காது.

மேற்கு ஜன்னலை அடைத்தது வெயில் காலத்துக்குப் போதும், காற்றுக் காலத்துக்குப் போதாது. கூரைக்குக் கீழே பால்ஸ் சீலிங் போடலாம் என்று பேச்சு இருக்கிறது, கடன் தவணை முடிந்த பிறகு. சைசிங் கூடுதல் செலவு யாருடையது என்ற பேச்சும் நூல் விலை ஏறும்போதெல்லாம் மறுபடி தலைதூக்குகிறது. போன செட்டில் உற்பத்தியாளர் 11 சதவீதம் போதுமே என்று கேட்டிருக்கிறார். கூடத்துக்காரர் நிறுத்தக் கணக்கு நோட்டை அவர் முன் விரித்துவைத்து, 12.5க்கே சீட்டு எழுத வைத்தார்.